வாங்கன்னு ஒரு வார்த்த

ஒரு வார்த்த பொய்யில்லீங்க. பொய்யின்னா நாளைக்கு நான் குடிக்கற டீயில ஈ விழுகட்டும், அந்த ஈயும் நான் குடிச்சு முடிச்சதுக்கு அப்பறம் கண்ணுல படட்டும், இதுக்கு மேல ஒரு மனுசன் எப்படிச் சத்தியம் பண்றது? கோயமுத்தூர்ல, அவிநாசி ரோட்ட விட்டு ஒரு சந்துக்குள்ளாற, நஞ்சம்மாள் டவர்ஸுன்னு அஞ்சு மாடிக் கட்டடம் ஒண்ணு இன்னைக்கும் நிக்குது. போய்ப் பாருங்க. பாக்கத்தான் முடியும், உள்ள போக முடியாது. ஏன் முடியாதுங்கறதுதான் நான் சொல்ல வந்த நாயம்.

அந்தக் கட்டடத்து வாசல்ல பதினெட்டு வருசமா செக்யூரிட்டியா நின்னவரு சென்னியப்பன். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காத ஆளு, ஆனா கட்டடத்துல வேல செய்யற அறுவது பேரையும் செருப்புச் சத்தத்த வெச்சே இன்னாருன்னு சொல்லிப்போடுவாரு. அவருகிட்ட ஒரே ஒரு சாமான்தான் இருந்துச்சு, அது வாங்கங்கற வார்த்த. நம்ம பக்கம் தெரியுமல்லொ, ஒறம்பரையா, சொந்தக்காரங்க ஊட்டுக்குப் போன எடத்துல சோறு போடாட்டிகூட போச்சாதுன்னு உட்டுருவாங்க, வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லாட்டி மூணு தலமொறைக்குப் பேச்சுவார்த்த அத்துப் போகும். சென்னியப்பன் அந்த வார்த்தைய அறுவது விதமாச் சொல்லுவாரு. மொத மாடி ஆடிட்டர் பட்டாபிராமன் வந்தா வாங்க சாமி, மூணாம் மாடில கல்யாண தகவல் மையம் நடத்தற ஜெயக்கொடி வந்தா வா அம்மிணி, ரெண்டாம் மாடிக் கம்ப்யூட்டர் கம்பெனிப் புள்ளைக வந்தா வாங்க கண்ணுகளா, ராத்திரிப் பூரா அழுதுட்டு வந்தவளுக்கு ஒரு வாங்க, பொண்டாட்டிகிட்ட வாங்கிக் கட்டிட்டு வந்தவனுக்கு ஒரு வாங்க, காதுல விழுந்தா அன்னைக்குப் பொழுது முச்சூடும் ஒடம்பு லேசா இருக்குமுங்க.

அதே கட்டடத்துல கரண்டு வேலையும் ஜெனரேட்டரும் பாத்தவரு ஆறுச்சாமி. சென்னியப்பனோட பெரியம்மா மகளக் கட்டுனவரு. வேல வாங்கிக் குடுத்ததே சென்னியப்பன்தான். மத்தியானமானா ரெண்டு பேரும் ஒரே போசில கை உட்டு உண்ணுவாங்க, இவரு மாப்ளம்பாரு, அவரு மச்சாம்பாரு, கத்திரிக்காத் துண்டு ஒண்ணுதான் மிஞ்சுச்சுன்னா நீ தின்னு நீ தின்னுன்னு தள்ளித் தள்ளிக் கடைசில காக்கா தின்னுட்டுப் போகும்.

இப்படி இருக்கறப்ப ஒரு நாளு, வெள்ளச் சட்ட, கழுத்துல டை, கமகமன்னு சென்ட்டுப் போட்ட ஒருத்தன் வந்தானுங்க. சென்னியப்பன் வழக்கம்போல வாங்க தம்பின்னாரு. தம்பி வந்தான், ரெண்டாம் மாடி போனான், ரெண்டு லேப்டாப்ப எடுத்துப் பைல போட்டான், எறங்குனான். பாவம் கனமா இருக்குதேன்னு பைய வாங்கி ஆட்டோல ஏத்தி உட்டதும் சென்னியப்பன்தான். அந்தத் தம்பி போறப்ப, வரட்டுங்களாண்ணான்னு கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போனான், திருட்டுப்பயலா இருந்தாலும் மருவாதி தெரிஞ்ச பய.

மொதலாளி தெய்வசிகாமணி எல்லாரையும் கூப்புட்டாரு. ஆத்தா பேர்ல கட்டடம் கட்டுனவரு, நல்லவரு, பல்லி கத்தாம பல்லுகூட வெளக்க மாட்டாரு. "இனி ஆக்சஸ் கன்ட்ரோல் சிஸ்டம் போட்டாகோணும். எது வேணும்னு எல்லாருஞ் சேந்து சொல்லுங்க"ன்னுட்டாரு. அவரு சொன்னதுதான் தாமசம், மூணு கம்பெனிக்காரனுக மூணு பொட்டியத் தூக்கிட்டு வந்துட்டானுக.

மொத ஆளு அட்டக்காரன். கழுத்துல தொங்கற அட்டையக் காட்டுனா கதவு தெறக்கும்னான். மாதிரிக்குப் பத்து அட்ட குடுத்தான், ஆடிட்டர் பத்து நிமிசத்துல அவரோடத தொலச்சுப்போட்டாரு, ரெண்டாம் மாடிப் புள்ளைக மீதி ஒம்பதையும் மாத்திப் போட்டு வெளையாண்டு, சாயங்காலத்துக்குள்ள ஜெயக்கொடி அட்டைல மீச வெச்ச ஒருத்தன் படம் இருந்துச்சு. ரெண்டாவது ரேகக்காரன். டீ கொண்டாற பீரான் பாயோட வெரல வாங்கி மிசின் மேல அமுக்குனான். முப்பது வருசமாச் சுடு கிளாசப் புடிச்ச வெரலு, ரேகையெல்லாம் எப்பவோ டீயோட போயிருச்சு, மிசின் மறுபடியும் வெய்யி மறுபடியும் வெய்யின்னு கெஞ்சுது. பாயி வெறுத்துப் போயி, "ஏம்பா, இது என்னையக் கேக்குதா, டீயக் கேக்குதா?"ன்னாரு. மூணாவது மூஞ்சிக்காரன். காலைல நெத்தி நெறையத் திருநீறோட வந்த ஆடிட்டர வாங்கன்னு உட்ட மிசினு, வேர்வைல திருநீறு அழிஞ்சு சாயங்காலம் போனா நீ யாருன்னு கேட்டுச்சு.

கட்டடமே மூணா ஒடஞ்சுது. அட்டக் கட்சி, ரேகக் கட்சி, மூஞ்சிக் கட்சி. லிப்ட்டுல ஒரு கட்சிக்காரன் ஏறுனா மத்தவன் படியேறிப் போனான். கடைசில தெய்வசிகாமணி சென்னியப்பனையே கூப்புட்டு, "நீதான்யா வாசல்ல நின்னவன், நீ சொல்லு"ன்னாரு. சென்னியப்பனுக்குப் பெருமை தாங்கல. மூணு நாளு மூணு பொட்டி முன்னாடியும் நின்னு நின்னு பாத்துட்டு வந்து, நெஞ்சத் தொட்டு நெசத்தச் சொன்னாரு. "அட்டைய மறந்துட்டு வருவாங்க. வெரலு தேஞ்சு போகும். மூஞ்சிதானுங்க மொதலாளி நல்லது, நானும் மூஞ்சியப் பாத்துத்தான உடறேன்? பக்கத்துல ஒரு சேரு மட்டும் போட்டுக் குடுங்க, ஆரு ஆருக்கு என்ன மொகமின்னு நானே அதுக்குச் சொல்லித் தாரேன்."

சொல்லிட்டு அந்தச் சேர எந்தப் பக்கம் போடறதுன்னு ரோசன பண்ணிட்டிருந்தாரு மனுசன். அப்பத்தான் ஆடிட்டர் தொண்டையச் செருமுனாரு. "மிசினும் எதுக்கு, ஆளும் எதுக்கு? ஒண்ணு அது, இல்லாட்டி இவரு."

அறுவது பேருல ஒருத்தரும் சென்னியப்பன் வேண்டாம்னு சொல்லலீங்க, அதப் பொய் சொல்லக்கூடாது. எனக்குச் சென்னியண்ணன்தான், ஆனா அப்படீன்னாங்க. ஆனாவுக்கு அப்பறம் ஆளுக்கொரு நாயம். ஆடிட்டருக்கு, கணக்குப் பாக்க வர்றவன் எத்தன மணிக்கு வந்தான் போனான்னு சென்னியப்பன் வாய்ல நிக்காம ஊருக்கே தெரிஞ்சு போகுது. ஜெயக்கொடிக்கு, பொண்ணு பாக்க வர்ற கும்பல் முன்னாடி கண்ணாடிக் கதவு தானாத் தெறந்தாத்தான் பவுசு. புள்ளைகளுக்கு, ஏன் கண்ணு லேட்டுன்னு ஒரு ஆளு கேக்கறதே ரோதன. இத மூஞ்சிக்கு நேரச் சொல்ல ஒருத்தருக்கும் வாயில்ல, அதனால எல்லாஞ் சேந்து சாமி மேல தூக்கிப் போட்டாங்க. பூக் கேட்டுரலாம்னாங்க. தெய்வசிகாமணிக்கு அதவிட வேற என்ன வேணும்?

பூக் கேக்கறது எப்படீன்னா, வெள்ள அரளி ஒரு பொட்டணம், செவப்பு அரளி ஒரு பொட்டணம், எலைல வெச்சு வெளிய தெரியாமக் கட்டி, வாசப் புள்ளையார் காலடில போட்டு, பூசாரி கண்ண மூடி ஒண்ண எடுக்கோணும். எடுத்ததப் பிரிக்கறது, எடுக்காதது அப்படியே சாமிகிட்டக் கெடக்கோணும், அதப் பிரிச்சா சாமி குத்தம். வெள்ள வந்தா சென்னியப்பன், செவப்பு வந்தா மிசினுன்னு முடிவாச்சு. பொட்டணத்த ஆரு கட்டறதுன்னு கேட்டப்ப சென்னியப்பனே சொன்னாரு, "என்ற மாப்ள கட்டட்டும். அவன் கைதான் என்ற கை."

அன்னைக்குக் காலைல ஜெனரேட்டர் ரூமுக்குள்ள வெச்சு ஆறுச்சாமி கட்டுனாரு. பாக்கோணும்னு மத்த அம்பத்தொம்பது பேரும் உள்ள போனாங்க. வெளிய வாரப்ப ஒருத்தரும் சென்னியப்பன் மூஞ்சியப் பாக்கல. அடடா, நம்ம மேல எத்தன பாசம், வெசனத்துல தல குனிஞ்சு வாராங்களேன்னு அந்த மனுசன் வாரவங்க முதுகையெல்லாம் தட்டிக் குடுத்தாரு.

செவப்பு வந்துச்சு.

"சாமியே சொல்லிப்போடுச்சு, போச்சாதுங்க"ன்னாரு சென்னியப்பன். அவருதான் எல்லாருக்கும் ஆறுதல் சொன்னாரு. ஜெயக்கொடி அழுத அழுகைல மூணாம் மாடில கல்யாணத்துக்குக் காத்திருந்தவன் இழவு ஊடுன்னு நெனச்சுத் திரும்பிப் போயிட்டான். பொன்னாட போத்துனாங்க, பெரிய செவுத்துக் கடியாரம் ஒண்ணு குடுத்தாங்க, இனி நேரம் பாத்து என்ன பண்ணப் போறாருன்னு ஒருத்தரும் ரோசிக்கல. ஆறுச்சாமி பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து, கடியாரத்தத் தூக்கிக் குடுத்துட்டு, "மச்சான், நான் ஒண்ணும் பண்ண முடியல"ன்னாரு. "உன்ற மேல என்ன மாப்ள தப்பு?"ன்னுட்டு பஸ் ஏறிச் சூலூருக்குப் போயிட்டாரு சென்னியப்பன்.

மிசின மாட்டுனாங்க. பளபளன்னு ரெண்டு கண்ணாடிக் கதவு. மாட்டி முடிக்க மூணு நாளாச்சு. நாலாம் நாள் காலைல அம்பத்தொம்பது பேரு வெளிய வரிசைல நின்னாங்க. மூஞ்சியக் காட்டுனா பச்ச லைட்டு எரியுது, நல்வரவுன்னு ஒரு பொம்பளக் கொரலு இனிப்பாச் சொல்லுது, கதவு மட்டும் அசையல. பெங்களூர்ல இருந்து என்ஜினியரு வந்து ஒயரப் புடுங்குனாரு, அப்பவும் அசையல, மெயின அணச்சாங்க, அப்பவும் அசையல. பதனோரு மணிக்குப் பீரான் பாய் டீக் கேனத் தூக்கிட்டு ரோட்டத் தாண்டுனாரு. ராத்திரி ஜெனரேட்டர் ரூம்லயே தங்கிட்டு, விடியக்காலைல இருந்து டீக்குக் காஞ்சு கெடந்த ஆறுச்சாமி ஜன்னல்ல பாத்துட்டு, பாய் வந்தாப் போதும்டா சாமின்னு நெனச்சாரு. கரண்டே இல்லாத கதவு படார்னு தெறந்துச்சு. பாய் பாட்டுக்கு உள்ள போயிட்டாரு. பொறகால நொழையப் பாத்த ஆடிட்டர் மூக்குல மூடுச்சு.

சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் சங்கதி புரிஞ்சு போச்சு. உள்ளாற இருக்கறவங்கள்ல ஒருத்தராச்சும் இந்த ஆளு வரோணும்னு மனசார நெனைக்கோணும். நெனச்சாத் தெறக்கும், நெனைக்காட்டித் தெறக்காது. வெளிய போறதுக்கு ஒரு தடையுமில்ல, போறவன எந்தக் கதவு மறிச்சிருக்குது? ஏன் இப்படீன்னு ரெண்டு நாளு பேசுனாங்க, மூணாம் நாளு அவங்கவங்க வேலையப் பாக்கப் போயிட்டாங்க, மழை பெஞ்சாக் கொடை புடிக்கறோம், ஏன் பெய்யுதுன்னு கேட்டுட்டா நிக்கறோம்?

மொத வாரம் ஆடிட்டர் நெலமதான் பரிதாபம். அவருக்குக் கீழ வேல செய்யறது எட்டுப் பேரு, எட்டுப் பேருல ஒருத்தருக்கும் அவரு வரோணும்னு இல்ல. ஒம்பது மணில இருந்து பதனொன்னர வரைக்கும் வெயில்ல நின்னாரு, அப்பறம் இன்கம்டாக்ஸ் நோட்டீசு வாங்கிட்டு உள்ள நடுங்கிட்டு உக்காந்திருந்த ஒரு ரைஸ்மில்காரரு, ஐயோ ஆடிட்டர் எப்ப வருவாருன்னு நெனச்சாரு, தெறந்துச்சு. அதுல இருந்து தெனமும் பயந்த ஆளு ஒருத்தர ஆபீஸ்ல ஸ்டாக் வெச்சுக்கிட்டாரு. ரெண்டாம் மாடி மேனேஜரு ஆருக்குப் பொறந்த நாளு வருதுன்னு காலண்டர்ல எழுதி வெச்சுக் கேக்கு வாங்க ஆரம்பிச்சாரு. அந்தக் கம்பெனில ஒரு அமுக்குணிப் புள்ள வந்தா மட்டும் பத்தடி தள்ளியே கதவு தெறக்குதுன்னு கண்டுபுடிச்சு, உள்ள எவன் நெஞ்சப் புடிச்சுட்டு நிக்கறான்னு தேடி, தை மாசம் கட்டி வெச்சாங்க. ஓட்டுக் கேட்டு வந்த ஒருத்தரு தூரத்துல கதவப் பாத்ததும் ரோட்டுல நின்ன வாக்குலயே கும்புட்டுட்டுத் திரும்பிட்டாரு. மொதலாளி தெய்வசிகாமணியே சொந்தக் கட்டடத்துக்கு வெளிய முக்கா மணி நேரம் நின்னாரு, மறு வாரம் அஞ்சு மாடிக் கக்கூசுக்கும் புதுத் தாப்பா போட்டுக் குடுத்தாரு.

ஜெயக்கொடிக்குத்தான் நோம்பி, தெனமும் திருவிழாதான். பொள்ளாச்சி, கோபி, தாராபுரம்னு வேன் போட்டு வந்தாங்க. பொண்ண உள்ள உக்கார வெச்சு மாப்ளைய வெளிய இருந்து நடக்க உட்டாங்க, தெறந்தா அங்கயே வெத்தல பாக்கு மாத்துனாங்க, தெறக்காட்டி வேனத் திருப்புனாங்க. மாமியாளுக மருமகள நிக்க வெச்சுப் பாத்தாங்க, மருமகளுக மாமியாள நிக்க வெச்சுட்டு ஊருக்கே போயிட்டாங்க. ஒரு ஆள நல்லவனா கெட்டவனான்னு கேட்டா, நஞ்சம்மாள் கதவு தெறக்குமான்னு கேக்கற வழக்கமாச்சு சுத்துப்பட்டுல.

ஒரு சிக்கல் மட்டும் இருந்துச்சு. ராத்திரி எல்லாம் ஊட்டுக்குப் போயிட்டா, காலைல மொத ஆள வேண்டறதுக்கு உள்ள ஒருத்தன் இருக்கோணுமல்லொ? ஆறுச்சாமி கட்டலத் தூக்கிட்டு வந்து ஜெனரேட்டர் ரூம்லயே குடியேறிட்டாரு. அவரு மனசு வெச்சாத்தான் மொத ஆளு உள்ள வரமுடியும். காலைல வடை கொண்டாந்து கண்ணாடிக்கு வெளிய ஆட்டிக் காட்டுனாங்க, முறுக்கு கொண்டாந்து காட்டுனாங்க, வடைய வேண்டுனா வடையோட ஆளும் வந்துரும். சென்னியப்பன் கேட்ட சேரு வந்துச்சு, மிசினுக்குப் பக்கத்துலயே. அதுல மெத்த போட்டு உக்காந்தது ஆறுச்சாமி.

இதெல்லாம் சூலூர் டீக்கடைல கேட்டுக் கேட்டுச் சிரிப்பாரு சென்னியப்பன். "என்ற வேலையத்தான அது செய்யுது? நானுந்தான் மனசார நெனைக்காம ஒருத்தரையும் வாங்கன்னதில்ல." நீ போனாத் தெறக்குமாண்ணான்னு கேட்டா மீசையத் தடவுவாரு. "நான் ரோட்டுக்கு அந்தப்பக்கம் பஸ் எறங்கறப்பவே தெறந்துக்கும். அறுவது பேரு வேண்டுவாங்க, கதவு கழண்டு கைல வராம இருந்தாச் சரி." ஆனா போகல. வேல போன எடத்துக்குக் காரணமில்லாம எப்படிப் போறது?

காரணம் வந்துச்சு. மக கோமதிக்குக் காங்கயத்துல மாப்ள அமஞ்சுது. மாப்ளையோட அப்பா அர்த்தநாரி எண்ணெ செக்கு வெச்சிருக்கறவரு, எதையும் மோந்து பாத்துத்தான் வாங்குவாரு. "உங்களப் பத்தி நல்லாத்தான் சொல்றாங்க. ஆனா எனக்கு வாசல்ல நின்ன ஆளுன்னா என்ன நெலமையின்னு தெரியோணும். பத்திரிக்க அடிச்சுருங்க. மொதப் பத்திரிக்கைய அந்தக் கட்டடத்துல வெப்போம், நானும் வாரேன். கதவு தெறந்துதுன்னா மத்த பத்திரிக்கையெல்லாம் வெப்போம்."

"அவ்வளவுதானுங்களா சம்பந்தி?"ன்னு சென்னியப்பன் வாய் கொள்ளாமச் சிரிச்சாரு. கட்டடத்துக்குன்னு தனியா அறுவத்தொரு பத்திரிக்க எழுதச் சொன்னாரு, அறுவது பேருக்கும் ஆளுக்கொண்ணு, பீரான் பாய்க்கு ஒண்ணு.

வெள்ள வேட்டி, வெள்ளச் சட்ட, கைல தாம்பாளம், அதுல வெத்தல பாக்கு குங்குமம், தோள்ல பத்திரிக்கப் பை. பத்தர மணிக்குப் பஸ்ஸ உட்டு எறங்குனாங்க. ரோட்டுக்கு அந்தப்பக்கம் கதவு மூடித்தான் இருந்துச்சு. தூரம் அதிகம்னு நெனச்சாரு. ரோட்டத் தாண்டுனாரு. பத்தடி இருக்கறப்ப நின்னு சிரிச்சாரு. அஞ்சடில தாம்பாளத்தச் சரி பண்ணுனாரு. கண்ணாடி வழியா எல்லாந் தெரியுது. ஆடிட்டரு லிப்ட்டுக்கு நிக்கறாரு, ஜெயக்கொடி போன்ல பேசிட்டு நிக்கறா, புள்ளைக படில உக்காந்திருக்குதுக, சேர்ல மாப்ள. மூக்கு கண்ணாடில முட்டுச்சு.

மிசின் பேசுச்சு. "முகம் பதிவில் இல்லை."

ஆமாங்க. அறுவது மூஞ்சியப் புடிச்சு ஏத்துனாங்க, அவரு மூஞ்சிய ஏத்த ஆருக்கும் தோணல.

"மாப்ள, நாந்தான் வந்திருக்கறேன்"ன்னாரு சென்னியப்பன். ஆறுச்சாமி தலைக்கு மேல ஃபேனப் பாத்தாரு. "அம்மிணி, கோமதிக்குக் கல்யாணம்!" ஜெயக்கொடி போன இந்தக் காதுல இருந்து அந்தக் காதுக்கு மாத்துனா. "கண்ணுகளா!" புள்ளைக செல்லுக்குள்ள தலைய உட்டுக்கிட்டுதுக. ஆடிட்டருக்கு லிப்ட்டு வந்துச்சு, ஏறவுமில்ல, திரும்பவுமில்ல.

அர்த்தநாரி ரெண்டு கையையும் பொறத்தால கட்டிட்டு, "சாவி கீவி மறந்துட்டு வந்துட்டீங்களா?"ன்னாரு.

சென்னியப்பன் சித்த நேரம் புள்ளையாரப் புடிச்சுட்டு நிப்போம்னு திரும்புனாரு. காலடில ஒரு பொட்டணம். ஆறு மாசத்துக்கு முந்தி எடுக்காம உட்ட பொட்டணம், எல காஞ்சு சருகாயி, பச்ச ஒயரு சுத்துன சுத்துல அப்படியே கெடக்குது. ஒயர வெச்சு முடிச்சுப் போடறவரு அந்தக் கட்டடத்துல ஒருத்தருதான். அதப் பிரிச்சா சாமி குத்தம்னு அவருக்குத் தெரியும். பிரிச்சாரு.

உள்ள செவப்பு அரளி.

ஒரு பூவத் தூக்கி வெயில்ல புடிச்சுப் பாத்தாரு. காஞ்சாலும் செவப்பு செவப்புத்தான். ரெண்டு பொட்டணமும் செவப்பு. ஜெனரேட்டர் ரூம்ல கட்டுனது ஒரு ஆளு, சுத்தி நின்னு பாத்தது அம்பத்தொம்பது பேரு. அன்னைக்குத் தல குனிஞ்சு வந்தது வெசனத்துல இல்ல. நிமுந்து கண்ணாடியப் பாத்தாரு, கைல பூவோட. உள்ள இருந்த அத்தன தலையும் மறுபடியும் அதே மாதரக் குனிஞ்சுது. கடனாளிகூட, கடன் குடுத்தவன் ஒரு நாளைக்கு வந்துட்டுப் போகட்டும்னு நெனப்பானுங்க, நாம கழுத்தறுத்த ஆளு சிரிச்ச மொகமா வெத்தல பாக்கோட வந்து நின்னா எவன் உள்ள வான்னு நெனப்பான்?

அப்பத்தான் பீரான் பாய் கேனோட வந்தாரு. "என்ன சென்னி, ஆளக் காணோம் ஆறு மாசமா? ஏன் வெளிய நிக்கறே?"ன்னு கேட்டுட்டே நடந்தாரு, கதவு அவருக்குத் தெறந்துச்சு, உள்ள போயி கேன எறக்கி வெச்சாரு, திரும்பிப் பாத்தாரு. கதவு மூடியிருக்குது, அந்தப்பக்கம் சென்னியப்பன் நிக்கறாரு. "அட, உள்ள வாப்பா. டீ ஆறுது."

கதவு ரெண்டும் செவுத்துல மோதற வேகத்துல தெறந்துச்சு.

அர்த்தநாரிக்கு மூஞ்சி மலந்து போச்சு. "தெறந்துருச்சு சம்பந்தி! என்ன வேகம்! எங்கூரு மாப்ளைகளுக்குக்கூட இப்படித் தெறக்கல!" அவருக்கு வேண்டியது கெடச்சுது, கல்யாணம் உறுதியாச்சு. ஆனா ஆரு தெறந்ததுன்னு சென்னியப்பனுக்குத் தெரியுமல்லொ? பதினெட்டு வருசம் வாங்க வாங்கன்னு அறுவது பேர உள்ள உட்ட மனுசன, வெளிய இருந்து டீ கொண்டாந்த ஒரு ஆளு உள்ள கூப்புட வேண்டியதாப் போச்சு.

தூக்குன கால மடக்கி வெச்சாரு. வாசப்படியத் தாண்டல. வெளிய நின்னுட்டே கைய நீட்டி, "பாய், வர்ற பத்தொம்பதாந் தேதி, குடும்பத்தோட வரோணும்"னு ஒரு பத்திரிக்கையக் குடுத்தாரு. ஆறுச்சாமி சேர உட்டு எந்திரிச்சு ஓடியாந்து, "வா மச்சான், உள்ள வா மச்சான்"னாரு. கதவுதான் தெறந்திருக்குதே, இப்பச் சொல்றதுக்கு என்ன? சென்னியப்பன் அவரு கையப் புடிச்சு விரிச்சு, அந்தச் சருகுப் பொட்டணத்த ஒயரோட வெச்சு மூடுனாரு.

"ஏன் மாப்ள, ஊருல வெள்ளப் பூ ஒண்ணுகூடவா கெடைக்கல?"

அவ்வளவுதான் கேட்டாரு. அறுவது பத்திரிக்கையோட பஸ் ஏறிட்டாரு.

பத்தொம்பதாந் தேதி சூலூர்ல கல்யாணம். ஒரு பத்திரிக்க வெக்கலைன்னாலும் அறுவது பேருக்கும் அன்னைக்கு இருப்புக் கொள்ளல. ஆடிட்டரு ஒரு பஸ்ஸுல வந்தாரு, ஜெயக்கொடி ஒரு ஆட்டோல வந்தா, புள்ளைக ரெண்டு ரெண்டு பேரா வண்டில வந்துதுக, ஒருத்தருக்கு ஒருத்தரு சொல்லிக்கல, தான் மட்டுந்தான் போறோம், மத்தவங்க கட்டடத்துல இருப்பாங்கன்னு நெனச்சாங்க. ஆறுச்சாமி ஜெனரேட்டர் ரூம்லயே இருந்திருக்கோணும். லீவு நாள்லயும் வேல செய்யற ரெண்டாம் மாடிப் புள்ளைக உள்ள இருப்பாங்கன்னு நெனச்சுட்டு, மச்சான் மக கல்யாணத்துக்குப் போகாத மனுசனான்னு அவரும் பஸ் ஏறிட்டாரு.

மண்டபத்து வாசல்ல பொண்ணப் பெத்தவரா, சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்துல நின்னுட்டிருந்தாரு சென்னியப்பன். பீரான் பாய் குடும்பத்துக்கு, வாங்க பாய், வா தங்கம், வாங்கம்மா வாங்கன்னு மூச்சு உடாமச் சொல்லி மொத வரிசைல உக்கார வெச்சாரு. காங்கயத்துல இருந்து வந்த பொடிசுக்கெல்லாம் தனித்தனியா வாங்க சொன்னாரு. அப்பறம் ஆடிட்டரு வந்து நின்னாரு. சென்னியப்பன் கை ரெண்டையும் கூப்பிக் கும்புட்டாரு.

"சாப்புட்டுட்டுப் போங்க."

ஜெயக்கொடிக்கு, "சாப்புட்டுட்டுப் போ அம்மிணி." புள்ளைகளுக்கு, "சாப்புட்டுட்டுப் போங்க கண்ணுகளா." அதே மீச, அதே சிரிப்பு, அந்த ஒரு வார்த்த மட்டும் இல்ல. கடைசியா ஆறுச்சாமி. தலைய நிமுத்தல. சென்னியப்பன் அவரு தோளத் தொட்டு, "கத்திரிக்காப் பொரியல் இருக்குது மாப்ள, சாப்புட்டுட்டுப் போ"ன்னாரு. அறுவது பேரும் போய் உக்காந்தாங்க. எல போட்டாங்க, பரிமாறுனாங்க. ஒருத்தர ஒருத்தரு அப்பத்தான் பாத்தாங்க, அட நீயும் வந்துட்டியான்னு. எண்ணிப் பாத்த ஆறுச்சாமி, அறுவதும் இங்கதான்னு தெரிஞ்சதும் எலைல இருந்து எந்திரிச்சாரு.

ஓடியாந்தாங்க கட்டடத்துக்கு. அறுவது பேரும் மூஞ்சியக் காட்டுனாங்க, அறுவது தடவ பச்ச லைட்டு எரிஞ்சு நல்வரவுன்னுச்சு. உள்ள ஆளில்ல. ஒருத்தர வேண்டறதுக்கு ஒரு பூனகூட இல்ல. கடப்பாரைல அடிச்சாங்க, கடப்பார வளஞ்சுது. மாடில ஏணி போட்டாங்க, ஜன்னல் கதவும் அதே புத்திக்கு வந்துருச்சு.

மறு நாளு தெய்வசிகாமணியத் தாட்டி உட்டாங்க சூலூருக்கு. பீரான் பாய உட்டா, ஜெனரேட்டர் ரூமுக்குள்ள போகாத ஒரே ஆளு அவருதான், அவருக்கு மட்டுந்தான் அந்த ஊட்டு வாசல்ல வார்த்த கெடைக்கும். கெடச்சுது. "வாங்க மொதலாளி"ன்னு சேரப் போட்டு, மோர் குடுத்து, எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டாரு சென்னியப்பன். செவுத்துல அந்தப் பெரிய கடியாரம் ஓடிட்டிருந்துச்சு.

"நீ வந்து ஒரு வார்த்த சொல்லு சென்னியப்பா. அந்த வாசலு உன்ற பேச்சக் கேக்கும்."

"வந்தா மட்டும் என்னுங்க? நானும் வெளியதான நிக்கோணும்?"

இன்னமும் அப்படியேதானுங்க இருக்குது. ஆடிட்டர் மேசைல போன் அடிக்குது, எடுக்க ஆளில்ல. ஜெயக்கொடி ஆல்பத்துல பொண்ணு மாப்ளைக வயசாகாமக் காத்திருக்குதுக. வாசல்ல மெத்த போட்ட சேரு காலியாக் கெடக்குது. ஆறுச்சாமி மட்டும் தெனமும் காலைல வந்து கண்ணாடி முன்னாடி நிக்கறாரு, மிசின் தெனமும் இனிப்பா நல்வரவுங்குது.

நாயம் முடிஞ்சுது. ஏனுங்க, ஆரது அங்க, பொறகால மெதுவா நழுவறது? இத்தன நேரம் தொண்டத் தண்ணி வத்த ஓசில கேட்டீங்களே, ஒரு டீயும் ரெண்டு தேங்கா பன்னும் சொல்லுங்க, டீல சக்கர தூக்கலா இருக்கோணும். டீ வந்ததும் ஈ விழுகுதா இல்லையான்னு நீங்களே குனிஞ்சு பாத்துக்குங்க, நான் சொன்னது நெசமா பொய்யான்னு தெரிஞ்சு போகும். வாங்கித் தராத ஆளு எந்தூருன்னு சொல்லிட்டுப் போங்க, அவரு ஊட்டுக் கதவுகிட்ட நான் தனியாப் பேசிக்கறேன்.